உறைபனியில் ஓர் இறுதிப் போட்டி: 1967 ‘ஐஸ் பௌல்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1967 டிசம்பர் 31 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே என்ற சிறு நகரத்தில், லாம்போ மைதானத்தில், கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் டல்லஸ் கௌபாய்ஸ் அணியும் அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீகான என்.எப்.எல்.லின் சாம்பியன் பட்டத்துக்காக மோதின. பேக்கர்ஸ் 21-17 என்ற கணக்கில் வென்றது. பழைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது பேச்சாக இந்த ஆட்டம் வந்துவிடும். அப்படிப் பேசும்போது புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. குளிர் எவ்வளவு என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் இரண்டாவது கேள்வியோடு எழுந்து போகலாம். ஆனால் விஷயம் இருப்பது நான்காவது கால் பகுதியில்.

எனக்கு அமெரிக்கக் கால்பந்தே தெரியாது. எவ்வளவு தெரிந்தால் இதைப் புரிந்துகொள்ளலாம்?

கொஞ்சம் போதும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு முயற்சிகள், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று. எட்ட நின்றே உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் பீல்ட் கோல், மூன்று புள்ளிகள். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் வாங்கி, ஓடுபவனிடம் கொடுப்பதா, எறிவதா என்று செய்து முடிப்பவர் குவார்ட்டர்பேக்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எறிந்த பந்தை யாரும் பிடிக்காவிட்டால் கடிகாரம் நிற்கும். பந்தோடு ஓடியவனை ஆடுகளத்துக்குள்ளேயே விழத் தட்டிவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் அணி தன் கையில் உள்ள ‘டைம் அவுட்’ ஒன்றைச் செலவழிக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் கடைசி 16 விநாடிகள் முழுக்க இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன.

உண்மையில் எவ்வளவு குளிர்?

ஆட்டம் தொடங்கியபோது மைனஸ் 13 டிகிரி பாரன்ஹீட். நம் கணக்கில் ஏறத்தாழ மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் அறை மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். மைதானம் அதைவிடக் குளிராக இருந்தது, போதாததற்குக் காற்றும் வீசியது.

காற்றையும் சேர்த்து உடல் உணரும் குளிரைச் சொல்லும்போதுதான் சண்டை வரும். அந்தக் காலத்து அட்டவணைப்படி அது மைனஸ் 48 டிகிரி பாரன்ஹீட். 2001இல் கணக்கிடும் முறையை மாற்றினார்கள், புதிய முறையில் மைனஸ் 36 அளவில் வருகிறது. பழைய ரசிகர்கள் 48 என்பார்கள், இளையவர்கள் 36 என்று திருத்துவார்கள். அந்தப் பன்னிரண்டு டிகிரிக்காகச் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டிலும் விரல் உறையும்.

முந்தைய நாள் இப்படி இல்லை என்பதுதான் டல்லஸ்காரர்களின் துயரம். சனிக்கிழமை பயிற்சியின்போது குளிர்காலத்துக்கு மிகச் சாதாரணமான வானிலைதான், சமாளித்துவிடலாம் என்று நம்பித் தூங்கப் போனார்கள். இரவோடு இரவாக வடக்கிலிருந்து குளிர் அலை இறங்கியது. ஆப்பிள்டன் நகரத்து விடுதியில் காலையில் அவர்களை எழுப்பிய தொலைபேசிப் பெண், மணி எட்டு, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி என்று இனிமையான குரலில் சொன்னாராம். தற்காப்பு ஆட்டக்காரர் ஜார்ஜ் ஆண்ட்ரி, கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீரை ஜன்னல் மேல் வீசிக் காட்ட, அது வழிந்து இறங்குவதற்குள் உறைந்துவிட்டது என்று அவருடைய அறைத் தோழர் பாப் லில்லி பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார். டல்லஸ் அணி அந்த ஜன்னலிலேயே பாதி தோற்றுவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது முன்னிலையில் இருந்தது டல்லஸ்தான்.

லாம்போ மைதானத்தின் அடியில் வெப்பக் கம்பிகள் இருந்ததாமே? பிறகு எப்படி உறைந்தது?

இருந்தன. அந்த ஆண்டுதான் 80,000 டாலர் செலவில் புல்தரைக்கு அடியில் மின்கம்பிகளைப் பதித்திருந்தார்கள். பேக்கர்ஸ் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டிக்கு அதில் அலாதிப் பெருமை. வருகிறவர்களிடம் எல்லாம் காட்டி மகிழ்வாராம். அதை விற்ற ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆள், பரம எதிரியான சிகாகோ பேர்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸின் உறவுக்காரர் என்பது கிரீன் பேயில் இன்றும் ஓடும் கிண்டல்.

நடந்தது இதுதான். இரவு முழுதும் ஆடுகளம் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. அடியில் இருந்து வந்த சூட்டில் தரை இளகி ஈரம் கசிய, அது பாய்க்கு அடியிலேயே தங்கிவிட்டது. காலையில் பாயைச் சுருட்டியதும் அந்த ஈரத்தின் மேல் மைனஸ் 25 டிகிரிக் காற்று பட்டது. ஈரம் அப்படியே கண்ணாடியாக இறுகிவிட்டது. கம்பிகளே இல்லாமல் இருந்திருந்தால் தரை கல்லாக இருந்திருக்கும், ஆனால் இவ்வளவு வழுக்கியிருக்காது.

லொம்பார்டி வேண்டுமென்றே கம்பிகளை அணைத்துவிட்டார் என்கிறார்களே?

டல்லஸ் பக்கத்தில் இந்தச் சந்தேகத்துக்கு ஆயுள் கெட்டி. ஆனால் யோசித்துப் பாருங்கள். வழுக்கும் தரை இருவருக்கும் வழுக்கும். தன் புது விளையாட்டுப் பொருள் ஊரறியப் பல்லிளித்ததில் லொம்பார்டிக்கு என்ன லாபம்? அவருடைய ஆட்டமே துல்லியமாகக் கால் ஊன்றி ஓடுவதை நம்பியது. கடைசி நிமிடத்தில் அவருடைய ஓட்டக்காரர்தான் வழுக்கி விழுந்தார், டல்லஸ்காரர் அல்ல.

நடுவரின் உதட்டுத் தோல் விசிலோடு போய்விட்டது என்பது கட்டுக்கதையா?

இல்லை. தொடக்க உதைக்காக ஊதிய உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அன்று முழுதும் நடுவர்கள் விசிலை விட்டுவிட்டு, கூவியும் கையசைத்தும் ஆட்டத்தை நடத்தினார்கள். ஆட்டம் எப்போது நின்றது என்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டே இருந்த தருணங்களுக்கு இதுதான் காரணம்.

லா கிராஸ் நகரத்துப் பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழுவின் கதை இன்னும் பரிதாபம். இடைவேளையில் வாசிக்க வந்தவர்கள் அவர்கள். மரக்குழல் வாத்தியங்கள் உறைந்துபோயின, பித்தளை வாத்தியங்களின் வாய்ப்பகுதி உதட்டில் ஒட்டிக்கொண்டது. நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள். குழுவைச் சேர்ந்த ஏழு பேர் உடல் வெப்பம் குறைந்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

இந்தக் குளிரில் யார் வந்து உட்கார்ந்தது?

50,861 பேர். கூட்டம் குறையவே இல்லை.

கிரீன் பே அணியைப் பற்றித் தெரிந்தால் இது வியப்பாக இருக்காது. அமெரிக்காவின் பெரிய அணிகள் எல்லாம் பணக்காரர்களின் சொத்து. பேக்கர்ஸ் மட்டும் 1923 முதல் பொதுமக்கள் பங்கு வாங்கி வைத்திருக்கும் அணி. லீகிலேயே மிகச் சிறிய ஊர். சுற்றிலும் பால்பண்ணைகள், காகித ஆலைகள். குளிரில் வேலை செய்வது அவர்களுக்குப் பிழைப்பு. மான் வேட்டைக்குப் போகும் தடித்த கோட்டு, அதற்குள் இன்னும் இரண்டு மூன்று அடுக்கு, காலடியில் செய்தித்தாள், இடுப்புவரை தூக்கப் பை என்று கட்டிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் கண்ணுக்கு மட்டும் துளை விட்ட கம்பளிக் குல்லாய். ஐம்பதாயிரம் பேரின் மூச்சுக்காற்று ஆவியாக எழுந்து பார்வையாளர் வரிசைகளுக்கு மேல் ஒரு வெண்படலமாக நின்றதைப் படங்களில் இப்போதும் பார்க்கலாம். அன்றைய நினைவுகளைச் சொல்கிறவர்கள் பெரும்பாலோர் ஆட்டத்தைவிட முதலில் சொல்வது அந்த ஆவியைத்தான்.

இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் குளிர் தாங்காமல் இறந்துபோனார். பண்டிகைக் குரலில் இந்த ஆட்டத்தை நினைவுகூர்கிறவர்கள் அவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

அங்கே இருந்ததாகச் சொல்லும் எல்லோரும் உண்மையிலேயே இருந்தார்களா?

விஸ்கான்சினில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் தான் இருந்ததாக, குறைந்தபட்சம் மாமா இருந்ததாகச் சொல்வார்கள். எல்லோரையும் கூட்டினால் லாம்போவைப் போல நாலைந்து மைதானங்கள் வேண்டும். பொய் என்று கடிந்துகொள்ள மாட்டேன். வானொலியில் கேட்டவர்களுக்கும் நேரில் இருந்த மாதிரியே நினைவு படிந்துவிட்டது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்நாளில் சொந்த ஊரில் நடக்கும் ஆட்டத்தை அந்த ஊர்த் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்பது லீகின் விதி. டிக்கெட் முழுதும் விற்றுத் தீர்ந்தாலும் காட்ட மாட்டார்கள். 1973இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகுதான் இது தளர்ந்தது. அதுவரை உள்ளூர் ரசிகனுக்கு டிக்கெட் இல்லாவிட்டால் வானொலிதான் கதி.

முதல் மூன்று கால் பகுதிகளில் என்ன நடந்தது?

பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார், உயரமான பாய்ட் டௌலருக்கு எறிந்த இரண்டு பந்துகளும் டச்டவுன் ஆயின. ஒன்று 8 கெஜம், மற்றொன்று 46 கெஜம். இரண்டாம் கால் பகுதியில் 14-0. அப்போதே எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் காதாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு.

பிறகு ஆட்டம் தலைகீழானது. அதுவும் டல்லஸின் தாக்குதலால் அல்ல, கிரீன் பேயின் உறைந்த விரல்களால். பின்னோக்கி ஓடிய ஸ்டாரை வில்லி டௌன்ஸ் அடித்து வீழ்த்தினார். கையிலிருந்து உதிர்ந்த பந்தை ஆண்ட்ரி, அதாவது ஜன்னலில் தண்ணீர் வீசிய அதே ஆள், பொறுக்கிக்கொண்டு ஏழு கெஜம் ஓடி டச்டவுன் அடித்தார். அடுத்து, உயரே உதைக்கப்பட்டு வந்த பந்தை வில்லி வுட் கைநழுவ விட்டார். அதிலிருந்து டல்லஸ் ஒரு பீல்ட் கோல் எடுத்தது. இடைவேளையில் 14-10. டல்லஸ் அணி உருப்படியாக ஒரு நகர்வும் செய்யாமலே பத்துப் புள்ளிகள்.

மூன்றாம் கால் பகுதியில் யாருக்கும் புள்ளி இல்லை. ஸ்டாரை அன்று மொத்தம் எட்டு முறை பின்னுக்குத் தள்ளி வீழ்த்தினார்கள். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கடைசியில் வென்றவர் என்பதால் அவர் அன்று முழுதும் அரசாட்சி செய்தார் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அப்படி இல்லை, அடிபட்டுக்கொண்டே இருந்தார்.

பாப் ஹேய்ஸ் கையைக் காற்சட்டைக்குள் வைத்துக்கொண்டது உண்மையா?

உண்மை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வென்ற உலகின் வேகமான மனிதர், டல்லஸின் முக்கிய ஆயுதம். தனக்குப் பந்து வராத முயற்சிகளில் கையைக் காற்சட்டைக்குள் சொருகிக்கொண்டார். கை வெளியே இருந்தால் பந்து அவருக்கு வரலாம், உள்ளே இருந்தால் வராது. பேக்கர்ஸ் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். அவர் அன்று பிடித்தது மூன்றே பந்துகள், கிடைத்தது 16 கெஜம். குளிரால் அதிகம் இழந்தவர் யார் என்று கேட்டால் இவரைத்தான் சொல்வேன்.

அப்படியானால் டல்லஸ் எப்படி முன்னிலை பெற்றது?

நான்காம் கால் பகுதியின் முதல் முயற்சியிலேயே. டான் ரீவ்ஸ் ஓட்டக்காரர். பந்தை வாங்கி இடப்பக்கமாக ஓடத் தொடங்கினார். பேக்கர்ஸ் தற்காப்பு அவரைப் பிடிக்க முன்னே பாய்ந்தது. சட்டென்று நின்று, ஓட்டக்காரரே பந்தை எறிந்தார். பின்னால் தனியாக நின்றிருந்த லான்ஸ் ரென்ட்செல் அதைப் பிடித்து நடந்தேபோகிற மாதிரி உள்ளே போனார். 50 கெஜம். 17-14. அந்தத் தரையில் தடுப்பவன் திரும்பி ஓட முடியாது என்று கணக்குப் போட்டு அழைக்கப்பட்ட ஆட்டம் அது. அன்றைய நாளின் மிகச் சிறந்த ஒற்றை யோசனை எது என்றால் இதுதான், அது தோற்ற அணியுடையது.

அந்தக் கடைசி நகர்வைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

சொல்லாமல் விட முடியாது. ஏனெனில் எல்லோரும் கடைசி ஒரு கெஜத்தையே பேசுகிறார்கள். அதற்கு முன்னால் 67 கெஜம் இருக்கிறது.

ஆட்டம் முடிய 4 நிமிடம் 50 விநாடி. கிரீன் பேயின் கையில் பந்து, தங்கள் பக்கத்து 32 கெஜக் கோட்டில். அதற்கு முந்தைய 31 முயற்சிகளில் மொத்தமாகப் பூஜ்யத்துக்கும் கீழே போயிருந்த அணி. சூரியன் சாய்ந்து தரை இன்னும் இறுகிவிட்டது. ஸ்டார் பெரிய எறிதல்களை மறந்துவிட்டார். ஓட்டக்காரர் டானி ஆண்டர்சனுக்குச் சின்னதாக ஒரு எறிதல், ஆறு கெஜம். சக் மெர்சீன் ஓடி ஏழு. டௌலருக்கு எறிந்து பதின்மூன்று. பந்து டல்லஸின் பாதிக்குள் நுழைந்துவிட்டது. அப்போது டௌன்ஸ் மறுபடி உள்ளே புகுந்து ஆண்டர்சனை ஒன்பது கெஜம் பின்னால் வீழ்த்தினார். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய ஆட்டம்.

அடுத்த இரண்டு முயற்சிகளிலும் ஸ்டார் அதே ஆண்டர்சனுக்கு எறிந்தார். பன்னிரண்டு, ஒன்பது. தடுக்க வந்த டல்லஸ் ஆட்டக்காரர்கள் பின்னால் நின்றுகொண்டு முன்னே வர பயந்தார்கள். வந்தால் வழுக்கும், வழுக்கினால் ஆள் தாண்டிவிடுவான். ஸ்டாருக்கு அந்தப் பயம் தெரிந்திருந்தது.

இனி மெர்சீன். இவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மில்வாக்கிப் பக்கத்துப் பையன், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த ஆண்டு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை விட்டுவிட்டது. பேக்கர்ஸின் வழக்கமான ஓட்டக்காரர்கள் கிராபௌஸ்கியும் பிட்ஸும் காயம்பட்டதால்தான் லொம்பார்டி இவரைக் கூப்பிட்டார். இப்போது அவர் ஸ்டாரிடம், இடப்பக்கம் என்னை யாரும் கவனிப்பதில்லை என்று சொன்னார். ஸ்டார் அங்கேயே எறிந்தார். 19 கெஜம். பந்து 11 கெஜக் கோட்டில்.

அடுத்தது அந்த நகர்வின் மிகச் சாமர்த்தியமான முயற்சி. டல்லஸின் பாப் லில்லி மகா வேகமானவர். தன் எதிரே நிற்கும் தடுப்பாளர் எந்தப் பக்கம் ஓடுகிறாரோ அந்தப் பக்கம் பாய்வது அவர் பழக்கம். ஸ்டார் அந்தப் பழக்கத்தையே பொறியாக்கினார். தடுப்பாளர் கில்லிங்ஹாம் வலப்பக்கம் ஓட, லில்லி பின்தொடர்ந்தார். அவர் விட்டுப்போன காலி இடத்தின் வழியாக மெர்சீன் எட்டு கெஜம் ஓடினார். ஆட்டம் முழுதும் பையில் வைத்திருந்த சீட்டை ஸ்டார் அப்போதுதான் எடுத்துப் போட்டார். 68 கெஜத்தில் 34 மெர்சீனுடையது. சரிபாதி.

ஆண்டர்சன் இரண்டு கெஜம் ஓடி ஒரு கெஜக் கோட்டை அடைந்தார். மறுபடி ஓடினார், நகரவில்லை. மூன்றாவது தடவை கால் வழுக்கிக் கையில் பந்தோடு விழுந்தார். கடிகாரத்தில் 16 விநாடி. கடைசி டைம் அவுட்டும் செலவாகிவிட்டது.

பீல்ட் கோல் அடித்துச் சமன் செய்திருக்கலாமே?

அடித்திருக்கலாம். 17-17 ஆகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். உறைந்த பந்தை உறைந்த காலால் உதைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அன்று மாலை பேக்கர்ஸின் உதைப்பாளர் டான் சாண்ட்லர் ஏற்கெனவே ஒன்றைத் தவறவிட்டிருந்தார்.

ஸ்டார் கோட்டோரம் போய் லொம்பார்டியிடம், ஓட்டக்காரர்களுக்குக் கால் பிடிக்கவில்லை, நான் நிமிர்ந்தே நிற்கிறேன், நானே நுழைந்துவிடுகிறேன் என்றார். அப்படியானால் செய், முடித்துக்கொண்டு இந்த இடத்தை விட்டுக் கிளம்புவோம் என்பதுதான் லொம்பார்டியின் பதில், அதுவும் கொஞ்சம் காரமான வார்த்தையோடு. ஓடினால் தடுக்கப்பட்டுவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், இன்னொரு முயற்சிக்கு நேரம் இராது. எறிந்து பார்த்து, தவறினால் கடிகாரம் நின்றதும் உதைப்பதுதான் புத்திசாலித்தனம். டல்லஸ் அதைத்தான் எதிர்பார்த்தது. இது புத்திசாலித்தனமான முடிவு என்று நானும் சொல்ல மாட்டேன். சளைத்துப்போன இரண்டு மனிதர்கள் எடுத்த முடிவு, பலித்துவிட்டது.

ஸ்டார் சக ஆட்டக்காரர்களிடம் அழைத்தது மெர்சீன் ஓட வேண்டிய ‘31 வெட்ஜ்’. பந்தைத் தானே வைத்துக்கொள்ளப்போவதை அவர்களிடம் சொல்லவில்லை. ஜெர்ரி கிரேமரும் கென் போமனும் சேர்ந்து டல்லஸின் ஜெத்ரோ பியூவைப் பின்னால் தள்ளினார்கள். அந்த இடைவெளியில் ஸ்டார் விழுந்தார். 13 விநாடி மிச்சம். டல்லஸ் எறிந்த இரண்டு பந்துகளும் வீண். ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கிக் கோல் கம்பங்களைச் சாய்த்தார்கள்.

பியூவைத் தேர்ந்தெடுத்தது தற்செயலா?

இல்லை. கோட்டருகே பியூ சற்று நிமிர்ந்தே எழுகிறார், தாழ்ந்து மோதினால் தள்ளிவிடலாம் என்று கிரேமர் அந்த வாரம் படச்சுருளைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். கிரேமர் ஒரு நொடி முன்கூட்டியே நகர்ந்தார் என்று டல்லஸ் ரசிகர்கள் இன்றுவரை படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்கள். தான் நகரவில்லை என்று சத்தியம் செய்ய கிரேமரும் முன்வந்ததில்லை. புகழ் முழுக்க அவருக்கே போய், போமன் பெயர் ஓரத்தில் ஒதுங்கிவிட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை. தள்ளியது இருவர்.

ஸ்டார் கோட்டைத் தாண்டி விழும் அந்தப் பிரபலமான படத்தில் பின்னால் கை தூக்கி நிற்பவர் கொண்டாடுகிறாரா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர் மெர்சீன். பந்து தனக்கு வரும் என்று முன்னே பாய்ந்தவர், ஸ்டாரே வைத்துக்கொண்டதைப் பார்த்ததும் நிற்க முடியாமல் அவர் மேல் விழப்போனார். பந்து வைத்திருப்பவனைத் தன் அணிக்காரனே பின்னாலிருந்து தள்ளுவது அந்நாளில் விதிமீறல். நான் தள்ளவில்லை, பாருங்கள் என்று நடுவருக்குக் காட்டத்தான் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

படத்தை எடுத்த ஜான் பீவர் அப்போது பள்ளி மாணவர், வயது 16. அணியின் புகைப்படக்காரர் வெர்னன் பீவரின் மகன். அப்பா லொம்பார்டியின் முகத்தைப் பிடிக்க அணிக்காரர்கள் நிற்கும் பக்கம் போனார். கோட்டின் முனையில் நிற்க வேண்டிய பொறுப்பு மகனுக்குக் கிடைத்தது.

முழு ஆட்டத்தையும் இன்று பார்க்க முடியுமா?

முடியாது. சி.பி.எஸ். ஒளிபரப்பின் முழுப்பதிவு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வீடியோ நாடா விலை அதிகமாக இருந்த காலம் அது. பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவது வழக்கம். துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றோடு திரைச்சுருளில் எடுக்கப்பட்ட காட்சிகள் உண்டு, ஆனால் அவை வெட்டி ஒட்டியவை. முழுமையாக மிஞ்சியவை வானொலி வர்ணனைகள்தான். மில்வாக்கியின் டபிள்யூ.டி.எம்.ஜே. வானொலியில் டெட் மூரும், டல்லஸின் கே.எல்.ஐ.எப். வானொலியில் பில் மெர்சரும் வர்ணித்தவை.

இந்த ஆட்டம் ரசிகர்களின் நாவில் இவ்வளவு காலம் வாழ்வதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். படம் முழுதாக இருந்திருந்தால் நடுவில் வரும் சலிப்பான மூன்றாம் கால் பகுதியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இப்போது சொல்கிறவனுக்குப் பிடித்த இடங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

இரண்டு பயிற்சியாளர்களும் பழைய நண்பர்களாமே?

சகாக்கள் என்பதே பொருத்தம். 1950களில் நியூயார்க் ஜயன்ட்ஸில் ஒரே தலைமைப் பயிற்சியாளரின் கீழ் லொம்பார்டி தாக்குதலையும் டல்லஸின் டாம் லாண்ட்ரி தற்காப்பையும் கவனித்தார்கள். ஒருவர் இரைவார், மற்றவர் தொப்பிக்கடியில் வாய் திறக்காமல் நிற்பார். இந்த ஆட்டத்துக்கு ஓராண்டு முன், 1967 ஜனவரி 1 அன்று டல்லஸில் நடந்த இறுதிப் போட்டியிலும் இதே அணிகள்தான். அப்போதும் பேக்கர்ஸ், 34-27.

அதன்பின் யாருக்கு என்ன ஆயிற்று?

பேக்கர்ஸ் இரண்டு வாரம் கழித்து மயாமியில், அன்றைய போட்டி லீகான ஏ.எப்.எல்.லின் சாம்பியன் ஓக்லாண்ட் ரெய்டர்ஸை 33-14 என்று வென்றது. இன்று நாம் இரண்டாவது சூப்பர் பௌல் என்று அழைக்கும் ஆட்டம் அது. லொம்பார்டி பேக்கர்ஸ் பயிற்சியாளராக நின்ற கடைசி ஆட்டமும் அதுவே. 1970 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தார். சூப்பர் பௌல் கோப்பைக்கு அவர் பெயர் வைத்தார்கள். பேக்கர்ஸின் ரே நிச்கிக்கு உறைபனியில் கால்விரல் நகங்கள் உதிர்ந்தன. கிரேமர் 2018 வரை காத்திருந்துதான் புகழ்மண்டபத்தில் நுழைந்தார்.

டல்லஸ் குவார்ட்டர்பேக் டான் மெரிடித் இன்னும் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு ஓய்வு பெற்று, பின்னாளில் தொலைக்காட்சி வர்ணனையாளராக ஆட்டக்காலத்தைவிடப் பெரிய பெயர் எடுத்தார். டல்லஸ் தன் முதல் சூப்பர் பௌலை 1972 ஜனவரியில் வென்றது. அந்த அணியில் ஹெர்ப் ஆடர்லி, பாரஸ்ட் கிரெக் என்ற இரண்டு பழைய பேக்கர்ஸ் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். கிரீன் பே ரசிகர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

இதுதான் எக்காலத்திலும் சிறந்த ஆட்டமா?

பால்டிமோர் கோல்ட்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் கூடுதல் நேரம்வரை ஆடிய 1958 இறுதிப் போட்டிக்குத்தான் அந்தப் பட்டத்தை வழக்கமாகக் கொடுப்பார்கள். தரமான ஆட்டம் என்று பார்த்தால் ஐஸ் பௌல் அதன் பக்கத்தில்கூட நிற்காது. இரண்டு அணிகளும் சேர்ந்தே 400 கெஜம் எட்டவில்லை: பேக்கர்ஸ் 195, டல்லஸ் 192. ஆனால் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்து வைத்தால், நான் வேறு எதையும் கேட்க மாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் எங்கிருந்து கேட்கலாம்?

முதலில் டல்லஸ் வர்ணனை, நான்காம் கால் பகுதியின் தொடக்கத்திலிருந்து. ரீவ்ஸ் எறிவதில் ஆரம்பியுங்கள், வெல்லப்போகிறோம் என்ற குரல் எப்படி இருக்கும் என்று தெரியும். பிறகு கிரீன் பே வர்ணனையில் கடைசி ஐந்து நிமிடம். கேட்கும்போது கையில் தாளும் பென்சிலும் இருந்தால், பன்னிரண்டு முயற்சிகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். 6, 7, 13, பின்னால் 9, 12, 9, 19, 8, 2, பூஜ்யம், பூஜ்யம், 1. கூட்டினால் 68 வர வேண்டும்.